ஆச்சியின் பாம்படமும் நம்ம போனும்: நகையைப் படமெடுக்கப் பழகுவோம்

ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தபோது, ஆச்சியின் பாம்படத்தை, அதாவது அந்தக் காலத்துத் தங்கக் காதணியை, முற்றத்தில் உச்சி வெயிலில் வைத்து இருபது படம் எடுத்தேன். ஆச்சி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, பாம்படத்த எங்க? வெறும் வெளிச்சம்லா தெரியுது" என்றாள். அவள் சொன்னது சரிதான். மெருகேறிய தங்கம் கண்ணாடி மாதிரி, எதிரே எது இருக்கிறதோ அதைத்தான் காட்டும். அதனால் நகையைச் சுற்றி என்ன வைக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

1. இடம் பிடியுங்கள்

காலையில் மேற்குப் பார்த்த திண்ணை, சாயங்காலம் கிழக்குப் பார்த்த திண்ணை. வெயில் நேராக விழக்கூடாது. வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் வர வேண்டும். தென்காசிப் பக்கம் சாரல் பிடித்து இங்கேயும் மேகம் போட்டிருந்தால் எந்நேரமும் எடுக்கலாம். வீட்டுக்குள் சன்னலோரம் என்றால் ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் தங்கத்தின் நிறமே மாறிவிடும்.

2. அடியில் விரிப்பது

பத்தமடைப் பாய்தான் என் தேர்வு. சாயம் ஏற்றாத கோரை நிறம் தங்கத்தோடு சண்டை போடாது. பெண் மாப்பிள்ளை பெயர் நெய்த கல்யாணப் பாய் அழகுதான். ஆனால் பார்ப்பவர் பெயரைப் படிக்கப் போய்விடுவார், நகையை யார் பார்ப்பது?

3. ஒரு பக்கம் வேட்டி, ஒரு பக்கம் குடை

பாம்படம் உருண்டை, சதுரம், தட்டை எனப் பல வடிவங்களை ஒட்டிச் செய்தது. எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம் விழுந்தால் தட்டையான மஞ்சள் கட்டியாகத்தான் தெரியும். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால், வலப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை மடித்து நிறுத்துங்கள். நிழல் கொஞ்சம் இளகும். அப்புறம் பின்பக்கம், படத்தில் விழாத தூரத்தில், ஒரு கறுப்புக் குடையை விரித்து வையுங்கள். அந்தக் கறுப்பு தங்கத்தின் விளிம்பில் மெல்லிய கோடாக விழும். ஒவ்வொரு மூலையும் தனியாக எழுந்து வரும். வேட்டியையும் குடையையும் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். இதில் அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை. நீங்கள் போட்டிருக்கும் சிவப்புச் சட்டையும் நகையில் தெரியும், ஜாக்கிரதை.

4. போன்

லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். கிட்டே போய் நுழைக்காதீர்கள். போனின் நிழலே விழும். இரண்டடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் செய்யுங்கள். திரையில் நகையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியன் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். படம் சற்று இருட்டாக இருந்தால் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். வெளுத்துப்போன தங்கத்தை எந்த ஆப்பாலும் மீட்க முடியாது. போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம். ஜிமிக்கியின் சின்னச் சங்கிலியைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும்.

5. போட்டுக்கொண்டு எடுப்பது

பாம்படம், துளையைப் பெரிதாக்கி வளர்த்த காதுக்குத்தான் பொருந்தும். நம் காதில் ஏறாது. நான் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் பதக்கமாக, வெளிர்நிறக் கைத்தறிச் சேலையோடு போட்டேன். வேறு நகை எதுவும் போடவில்லை. ஆச்சி ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

ஜிமிக்கி என்றால் காதோர முடியை ஒதுக்கி, முகத்தை வெளிச்சத்துப் பக்கம் கால்வாசி திருப்புங்கள். தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைப் படித்துறையில் காலை நேரம் இதற்குத் தோதானது, கருங்கல் பின்னணி கிடைக்கும். வயல் வரப்பில் மட்டும் எடுக்காதீர்கள், ஜிமிக்கி முழுக்கப் பச்சையடிக்கும். தலையை அசைத்தால் அது ஆடிக்கொண்டே இருக்கும். நிழலில் எடுக்கும்போது அந்த ஆட்டம் கலங்கலாகப் பதியும். அது ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, அப்புறம் அழுத்துங்கள்.