உடலைத் தாங்குவது எது? பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள்

விலங்கும் தாவரமும் தங்கள் உடலை எப்படித் தாங்கி நிற்கின்றன என்ற பாடம் பத்தாம் வகுப்பு உயிரியலில் கட்டாயம் வரும். பாடம் ஒன்றும் கஷ்டமில்லை, ஆனாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட இதில் மதிப்பெண்ணை விடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தாங்குவது என்றாலே எலும்போ கட்டையோ, கெட்டியாக ஏதாவது இருந்தாக வேண்டும் என்று மனதில் பதிந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பா, தாத்தா பாட்டிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மண்புழுவுக்குச் சட்டகமே கிடையாது என்று எழுதுவது தப்பு. எலும்புதான் கிடையாது. உடலுக்குள் இருக்கும் திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால் சுற்றியுள்ள தசை இறுகும்போது அந்தத் திரவமே எதிர்த்து நின்று உடலுக்கு வடிவம் கொடுக்கிறது. இதுதான் நீர்மச் சட்டகம். வட்டத் தசை சுருங்கினால் உடல் மெலிந்து நீளும், நீளத் தசை சுருங்கினால் குட்டையாகித் தடிக்கும், அடியில் இருக்கும் நுண்ணிய முட்கள் மண்ணைப் பற்றிக்கொள்ளும். ஒரு தசையை மட்டும் எழுதிவிட்டு வந்தால் விடை பாதிதான்.

தாவரத்தில் இதே தப்பு வேறு மாதிரி வரும்: எல்லாச் செடியையும் நீரைக் கடத்தும் திசுவான சைலம்தான் தாங்குகிறது என்று எழுதிவிடுவார்கள். மரத்துக்குச் சரி, லிக்னின் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் ஏறிய சைலம் அங்கே பெரிய பலம். கீரைத்தண்டுக்கு? அதை முக்கியமாக நிமிர்த்துவது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் நீரின் விறைப்பழுத்தம், காற்றடித்த சைக்கிள் டியூப் விறைப்பாக நிற்பது போல. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கீரைத்தண்டை நல்ல தண்ணீரிலும் இன்னொன்றை உப்பு கரைத்த தண்ணீரிலும் போட்டு வையுங்கள். உப்புத் தண்ணீரில் இருப்பது செல்லிலிருந்து நீர் வெளியேறித் துவண்டுவிடும், பக்கத்தில் மற்றது விறைப்பாகவே இருக்கும். இதை ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு விறைப்பழுத்தத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது.

கல்யாண வீட்டு வாசலில் கட்டுகிறோமே வாழை, அதைக் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள். உள்ளே கட்டை இல்லை. இலையின் அடிப்பாகங்கள் ஒன்றின் மேல் ஒன்று இறுகச் சுற்றி, நிறைய நீரோடும் காற்றறைகளோடும் நிற்கின்றன. அதனால்தான் தார் விட்ட வாழைக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கரும்பு வேறு கதை. 1860இல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து டர்பனுக்கு வந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் நட்டு வெட்டிய அந்தக் கரும்பின் பலம் ஓரத்தில், கெட்டியான தோல் பக்கத்தில்தான் அதிகம். தண்டைத் தடிக்கவைக்கும் கேம்பியம் என்ற திசு இல்லாததால் ஆண்டு வளையமும் வராது. கரும்பின் குறுக்குவெட்டுக்கு வளையம் போட்டுக் கொடுத்தால் அந்தப் படம் தப்பு.

அப்புறம் தண்ணீர். தண்ணீருக்குள் புவியீர்ப்பு இல்லை என்று எழுதவே கூடாது. புவியீர்ப்பு அங்கேயும் இருக்கிறது, ஆனால் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியான நீர் உடலைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. பெரிய ஆப்பிரிக்க ஆண் யானை சுமார் 6 டன், அந்த எடைக்கே தூண் மாதிரிக் கால் வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் டர்பன் கரையோரமாகப் போகும் கூன்முதுகுத் திமிங்கிலம் சுமார் 30 டன் இருக்கும், அதைத் தாங்கக் காலே தேவைப்படவில்லை. அதுவே கரையில் ஒதுங்கிவிட்டால் அதன் எடையே உள்ளுறுப்புகளை அமுக்கும், பாவம், மூச்சு விடவே திணறும். நீர்ச்செடிகளிலும் இதே கணக்குதான்: ஆகாயத்தாமரையின் இலைக்காம்பு காற்றறைகளால் உப்பியிருக்கும், நீருக்குள்ளேயே வளரும் செடிகளில் சைலம் மிகக் குறைவு, வெளியே எடுத்தால் அப்படியே மடங்கி விழும்.

சுறாவுக்கு எலும்பு இல்லை, ஆகவே சட்டகமும் இல்லை என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதன் அகச்சட்டகம் முழுக்கக் குருத்தெலும்பு. காற்றுப்பை கிடையாது, எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் மிதப்புக்கு உதவுகிறது.

நண்டும் கிரேஃபிஷும் வளர வளர ஓடும் கூடவே வளரும் என்பது இன்னொரு தப்பு. ஓடு நீளாது. பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது ஓடு மெத்தென்று இருக்கும்போதே நீரை உறிஞ்சி உடலை உப்பவைக்கும், பிறகுதான் ஓடு இறுகும். அந்த நேரத்தில் அதற்குப் பாதுகாப்பும் குறைவு, தசைக்குப் பிடிமானமும் குறைவு. கேள்வி வந்தால் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். நத்தையை இதோடு சேர்த்து எழுதிவிட வேண்டாம், அது ஓட்டைக் கழற்றுவதில்லை, விளிம்பில் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகும்.

கடைசியாக அலையாத்தி மரங்கள். உம்கெனி ஆற்று முகத்துவாரத்தில் பீச்வுட் காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களைக் காட்டி, மரத்தைத் தாங்க என்று உடனே சொல்வார்கள். இல்லை, வெள்ளை அலையாத்தியின் அந்த வேர்கள் மூச்சுக்கு, ஏனென்றால் அந்தச் சேற்றில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. மரத்தைப் பிடித்து நிறுத்துவது அடியில் பரந்து ஓடும் வேர்கள். சிவப்பு அலையாத்திக்குத் தண்டிலிருந்தே வளைந்து இறங்கும் வேர்கள் இருக்கும், அவைதான் முட்டுக் கொடுப்பவை, காற்றையும் உள்ளே எடுக்கும். படத்தைக் கொடுத்துப் பெயர் குறிக்கச் சொன்னால் வேர் எங்கிருந்து கிளம்புகிறது என்று முதலில் பார்க்கப் பழக்குங்கள்.