பங்களா கோப்பைக்குப் புளி போடாதீர்கள்

போன வாரம் இலங்கை மலையகத்து அட்டனில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி பழைய சாசர் ஒன்றைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பழைய பீங்கான் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகள் நான் செய்த அதே பிழைகளைச் செய்யும்போது மனசு பொறுப்பதில்லை. கீழே போடாதே, அடுக்கி வைக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுவோம்.

தங்கக் கரையைப் பித்தளை போலத் துலக்குவது

எங்கள் அம்மாயி தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தபோது, ஊருக்குக் கிளம்பிய துரைசானி ஆறு கோப்பைகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பங்களாவில் நல்ல தேயிலை அந்தக் கோப்பைகளில். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தகரக் குவளையில் தூள் தேத்தண்ணி. பிறகு அதே கோப்பைகள் லயத்துக் கண்ணாடி அலுமாரிக்கு வந்தன. அம்மாயி ஒருநாளும் அவற்றில் குடித்ததில்லை.

ஒரு தைப்பொங்கலுக்குக் குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு ஐந்து கோப்பைகளையும் துலக்கிவிட்டேன். தண்ணீர் ஊற்றினால், விளிம்பு வெறும் வெள்ளை. அம்மாயி ஒன்றும் பேசவில்லை. மிஞ்சிய ஆறாவதைச் சேலைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

தங்கம் கறுக்காது. விளிம்பில் கறுப்பாகத் தெரிவது விறகடுப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். கோப்பை சூளையில் வெந்து, கிளேஸ் என்ற கண்ணாடிப் பளபளப்பும் ஏறிய பிறகு, கடைசியாகத்தான் தங்கத்தைப் பூசிக் குறைந்த சூட்டில் சுடுவார்கள். அது மயிரிழையைவிட மெல்லிய படலம். சாம்பலின் நறநறப்பு அதைச் சுரண்டிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், பழைய வேட்டித் துணி போதும். கிளேஸுக்கு அடியில் இருக்கும் நீல வேலைப்பாடு அப்படி எளிதில் போகாது. நகத்தால் தடவிப் பாருங்கள், மேடு தட்டினால் அது மேல்பூச்சு.

வெடிப்புக் கோட்டுக் கறைக்கு பிளீச்

வேண்டாம். பிளீச்சின் உப்பு வெடிப்புக்குள் தங்கி, கிளேஸைப் பெயர்க்கும்.

அடியிலுள்ள வருடத்தை நம்புவது

பல முத்திரைகளில் இருப்பது கம்பனி தொடங்கிய வருடம். கோப்பையின் வயதுக்கு நாட்டின் பெயரைப் பாருங்கள். ‘இங்கிலாந்து’ என்ற சொல் பரவலாக வந்தது 1891க்குப் பிறகு, அமெரிக்கச் சுங்கச் சட்டத்தால். ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றிருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு.

நொரிடாக்கே கம்பனிப் பீங்கான் என்றால் ஜப்பான்தான் என்பது

இலங்கையில் மாத்தளையிலும் செய்கிறார்கள். அடியில் ‘ஸ்ரீ லங்கா’ என்றிருந்தால் அது 1972க்குப் பிந்தியது. வெள்ளைக்காரன் காலத்து விலை கொடுக்காதீர்கள்.