ஏசி போட்டால் எழுந்த கரகரப்பு

பழைய காரில் ஏசியைப் போட்டதும் கரகரவென்று சத்தம். ஏசி வாயுவை அழுத்தும் கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பி, காற்று விசிறியை எல்லா வேகத்திலும் ஓட்டினேன்; சத்தமே இல்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போடாமல் பானெட்டைத் திறந்து காது கொடுத்தேன். அப்போதும் மெல்லிய கரகரப்பு! அதுதான் துப்பு. இந்த வகைக் கம்ப்ரசரில் ஏசியை அணைத்தாலும் வெளியே உள்ள கப்பி பெல்ட்டோடு சுற்றிக்கொண்டே இருக்கும்; ஏசி போடும்போது கப்பியை உள்பாகத்தோடு இணைக்கும் கம்ப்ரசர் கிளட்ச் பிடித்தால்தான் உள்பாகம் இயங்கும்.

எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு கப்பியாகக் கையால் சுற்றிப் பார்த்தேன். மற்றவை வழுக்கிக்கொண்டு சுழன்றன. கம்ப்ரசர் கப்பியில் மட்டும் மணல் அரைபடுவதுபோல விரல்நுனியில் உணர்ந்தேன். அந்தக் கப்பி உராயாமல் சுழல உதவும் பேரிங்கை மட்டும் மாற்றினோம். வாயுக் குழாய்களைத் தொடவே இல்லை. இப்போது ஏசி போட்டால் காற்றின் ஓசை மட்டுமே கேட்கிறது.