பழைய உளவுத் தொடரைப் படமாக்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

1996 மே மாதம் 'மிஷன்: இம்பாசிபிள்' படம் அமெரிக்காவில் வெளியானது. அதே பெயரில் வந்த பழைய தொலைக்காட்சித் தொடரில் பார்னி காலியராக ஏழு சீசனும் நடித்த க்ரெக் மோரிஸ் அதைப் பார்க்கப் போனார். படம் முடியும் முன்பே எழுந்து வந்துவிட்டார். அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டாவது சீசனிலிருந்து 1973-ல் தொடர் முடியும்வரை அதில் வரும் உளவுக் குழுவை நடத்தியவர் ஜிம் ஃபெல்ப்ஸ்; 1988-ல் தொடரை மறுபடி எடுத்தபோதும் அதே பீட்டர் க்ரேவ்ஸ்தான் அதே ஃபெல்ப்ஸாக வந்தார். நரைத்த தலை, நிதானமான குரல், எதற்கும் பதறாத முகம். அந்த மனிதரைத்தான் படம், தன் ஆட்களையே காவு கொடுத்த துரோகியாக மாற்றியது. வேடத்தில் ஜான் வாய்ட். க்ரேவ்ஸும் தன் வருத்தத்தை வெளிப்படையாகவே சொன்னார்.

ஆனால் அதே படம் உலகம் முழுக்க 45 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது, 2025 வரை எட்டுப் படங்கள் வந்துவிட்டன. அதனால் "பழைய ரசிகர்களைப் புண்படுத்தினால் படம் ஓடாது" என்று சட்டமாகச் சொல்ல முடியாது. "பழசை அப்படியே வைத்தால் ஓடும்" என்பதும் சரியில்லை. இந்தத் தொடர்களையும் படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: தொப்பி, ரயில், ஷூவுக்குள் இருக்கும் போன், டைட்டில் மியூசிக் இதெல்லாம் தொடர் இல்லை. அந்த ஆட்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகினார்கள், வேலையை எப்படி முடித்தார்கள் என்பதுதான் தொடர். இதைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் எந்தப் படம் எங்கே தவறியது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் எல்லோரும் செய்யும் தவறு, பொருளைப் பெரிதாக்கிவிட்டு ஆளை விட்டுவிடுவது. 'வைல்ட் வைல்ட் வெஸ்ட்' 1965-லிருந்து 1969 வரை ஓடிய தொடர். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் அதிபருக்காக ரகசிய வேலை பார்க்கும் இருவர், அவர்களுக்கென்று ஒரு தனி ரயில், அதற்குள் விதவிதமான சாதனங்கள். ஜேம்ஸ் வெஸ்ட் அடிதடி ஆள், ஆர்டிமஸ் கார்டன் மாறுவேட மன்னன். ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கிழவனாகவோ குடிகாரனாகவோ வேஷம் போட்டுக்கொண்டு வருவார், பார்க்கிற நமக்கு அது ஆர்டிமஸ் என்று தெரிந்த கணத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்காகத்தான் வாராவாரம் உட்கார்ந்தார்கள். 1999 படத்தில் வில் ஸ்மித்தும் கெவின் க்ளைனும் முக்கால்வாசிப் படம் ஒருவரையொருவர் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். சாதனம் மட்டும் வளர்ந்து வளர்ந்து கடைசியில் கட்டடம் உயரத்துக்கு ஒரு இரும்புச் சிலந்தி வந்து நிற்கிறது. 17 கோடி டாலர் போட்டு எடுத்த படம், உலக வசூல் சுமார் 22 கோடி. தியேட்டர்காரர்கள் பங்கு, விளம்பரச் செலவு எல்லாம் கழித்தால் அது நஷ்டம்தான். அந்த வருடத்தின் மோசமான படத்துக்கான ராஸி விருது அதற்குக் கிடைத்தது, பழைய தொடரில் வெஸ்ட்டாக நடித்த ராபர்ட் கான்ராட் நேரிலேயே மேடையேறி அந்த விருதுகளை வாங்கிக்கொண்டார். படத்தின் மேல் அவருக்கு இருந்த கசப்பு எவ்வளவு என்று அதிலேயே தெரிகிறது.

இரண்டாவது தவறு இன்னும் ஆழமானது. ஜோடியை வெறும் 'ஜோடி' என்று எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கணக்கு உண்டு. 'ஐ ஸ்பை' 1965-ல் தொடங்கியபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஒரு நாடகத் தொடரில் கறுப்பின நடிகர் முதல்முறையாகச் சமமான நாயகனாக வந்தார். டென்னிஸ் வீரராக ராபர்ட் கல்ப், பயிற்சியாளராக பில் காஸ்பி, இருவரும் ரகசிய ஏஜென்ட்டுகள். ஹாங்காங், ஜப்பான் என்று நிஜமான ஊர்களுக்கே போய்ப் படம்பிடித்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம், இந்த இருவருக்கும் நடுவில் யார் மேல், யார் கீழ் என்ற பேச்சே கிடையாது. வருஷக்கணக்காகப் பழகியவர்கள் போல பாதி வாக்கியத்தில் ஒருவர் நிறுத்த மற்றவர் முடிப்பார். 2002 படத்தில் டென்னிஸ் போய் குத்துச்சண்டை வந்தது, பெயர்கள் இடம் மாறின, கதை இன்றைய புடாபெஸ்டுக்குப் போய்த் திருடு போன ஒரு விமானத்தைத் தேடியது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை என்பேன். ஒருவன் நிஜ ஏஜென்ட், இன்னொருவன் வாய் ஓயாத வெளியாள் என்று ஆக்கினார்களே, அங்கேதான் அந்தச் சமம் போய்விட்டது. எடி மர்ஃபியும் ஓவன் வில்சனும் சிரிக்க வைக்கத் தெரியாதவர்கள் இல்லை, ஆனால் அந்தச் சிரிப்பு வேறு எந்தப் படத்திலும் வந்திருக்கலாம்.

'தி அவெஞ்சர்ஸ்' கதைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. மார்வெல் படம் இல்லை, பிரிட்டனில் 1961-லிருந்து 1969 வரை ஓடிய தொடரைச் சொல்கிறேன். (அங்கே இந்தப் பெயருக்கு இருந்த செல்வாக்கைப் பாருங்கள், 2012-ல் மார்வெல் படத்தைப் பெயரை நீட்டி 'அவெஞ்சர்ஸ் அசெம்பிள்' என்றுதான் அங்கே வெளியிட்டார்கள்.) வட்டத் தொப்பியும் குடையுமாக ஜான் ஸ்டீட், அதாவது பேட்ரிக் மேக்னி. கூடவே திருமதி எம்மா பீல், டயானா ரிக். ஸ்டீட் அவரை 'மிஸஸ் பீல்' என்றுதான் கூப்பிடுவார். இருவரும் காதலிக்கிறார்களா, எப்போதோ காதலித்தார்களா, வெறும் நண்பர்களா என்று தொடர் வாயைத் திறக்கவே இல்லை. ஒரு கோப்பை ஷாம்பெய்னை நீட்டும் விதத்தில், ஒரு புருவத் தூக்கலில் அவ்வளவும் இருக்கும். நமக்கே தெரியாமல் நாம் அதை நிரப்பிக்கொள்வோம்.

1998-ல் ரால்ஃப் ஃபைன்ஸ், உமா தர்மன், வில்லனாக ஷான் கானரி. பெயர்களைப் படித்தாலே ஆசை வரும். படமோ இருவரும் முதல்முறை சந்திப்பதிலிருந்து தொடங்குகிறது, கடைசியில் முத்தமும் கொடுக்க வைக்கிறது. சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? வெளியீட்டுக்கு முன் சோதனையாகக் காட்டியபோது ரசிகர்கள் முகம் சுளித்ததும் ஸ்டுடியோ பயந்துபோய் வெட்டித் தள்ளியது. கையில் வந்தது 89 நிமிடம். கரடி பொம்மை உடைகளுக்குள் ஒளிந்துகொண்டு வில்லன் கூட்டம் ஆலோசனை நடத்தும் ஒரு காட்சி உண்டு. அது உண்மையிலேயே பழைய தொடரின் கிறுக்குத்தனத்தோடு பொருந்தக்கூடிய யோசனை. ஆனால் முன்னும் பின்னும் வெட்டியதில் அது எதற்காக வந்தது என்றே புரியாமல் போகிறது. விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் காட்டவும் இல்லை. அப்படி மறைத்தால் ரசிகர்கள் என்ன நினைப்பார்கள் என்பது இன்று யாருக்கும் தெரியும். மேக்னியையோ ஒரு கண்ணுக்குத் தெரியாத மனிதனாக, குரலாக மட்டும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இதோடு ஒட்டியதுதான் 'முதல் சந்திப்பு' வியாதி. தொடர் எப்போதுமே நடுவிலிருந்து தொடங்கும், ஆட்கள் ஏற்கெனவே பழகியவர்கள். படமாக்குகிறவர்கள் புதுப் பார்வையாளருக்குப் புரியாதே என்று பயந்து, ஜோடி எப்படிச் சேர்ந்தது என்று இரண்டு மணி நேரம் சொல்கிறார்கள். அதாவது நாம் விரும்பிய உறவு படம் முடியும்போதுதான் பிறக்கிறது, அடுத்த பாகம் வந்தால்தான் அதைப் பார்க்க முடியும், அந்த அடுத்த பாகமோ வருவதில்லை. 2015-ல் வந்த 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' படத்துக்கும் இதேதான் நடந்தது. 'அங்கிள்' என்ற உளவு அமைப்பின் பெயரே கடைசியில்தான் வருகிறது. 1964 தொடரைப் பார்க்காதவருக்குத் தலைப்பு என்னவென்றே தெரியாது.

இருந்தாலும் அந்தப் படத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏனென்றால் வேறு ஒரு பெரிய தவறை அது செய்யவில்லை: காலத்தை மாற்றவில்லை. கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து இரண்டே வருடத்தில், ஒரு அமெரிக்கனும் ஒரு ரஷ்யனும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பதாகத் தொலைக்காட்சியில் காட்டியதுதான் அந்தத் தொடரின் துணிச்சல். அதை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்தால் துணிச்சலும் போய்விடும், காரணமும் போய்விடும். இயக்குநர் கய் ரிச்சி கதையை 1963-லேயே, கிழக்கு பெர்லினிலேயே தொடங்கினார். அப்புறம் அந்தப் படகுக் காட்சி. அமெரிக்கனான சோலோ படகிலிருந்து தண்ணீரில் விழுந்து, நீந்திக் கரையேறி, நிறுத்தியிருக்கும் ஒரு லாரிக்குள் ஏறி உட்கார்கிறான். யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாடு இருக்கிறது. ரேடியோவில் ஒரு இத்தாலியப் பாட்டு. சாண்ட்விச்சைக் கடிக்கிறான், ஒயினை ஊற்றிக்கொள்கிறான். பின்னால், இருட்டில், ரஷ்யனான இல்யாவின் படகை எதிரிகள் துரத்திச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவன் பார்க்கிறான், மெல்லுகிறான். போய்விடலாம், அவன் எதிரி நாட்டுக்காரன்தானே. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தில் பெருமூச்சு விட்டு லாரியைக் கிளப்பி நேராகத் தண்ணீருக்குள், எதிரிப் படகின் மேலேயே இறக்குகிறான். வசனம் இல்லை. இரண்டு பேரின் உறவு முழுவதும் அந்த லாரிக்குள் நடந்து முடிகிறது.

சரி, 'மிஷன்: இம்பாசிபிள்' விஷயத்துக்கு வருகிறேன். ஃபெல்ப்ஸைத் துரோகியாக்கியது தவறா? என் கணிப்பில் ஆமாம், தவறுதான், தேவையும் இல்லை. அதே கதைக்குப் புதிதாக ஒரு தலைவரை வைத்திருந்தால் திருப்பம் கொஞ்சம்கூடக் குறைந்திருக்காது. 'தி ஃபைனல் ரெக்கனிங்' படத்தில், 29 வருடம் கழித்து, ஃபெல்ப்ஸின் மகனை ஒரு பாத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றால் அந்தக் காயம் அவர்களுக்கும் மறக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் படம் ஏன் நிலைத்து நின்றது? சிஐஏ தலைமையகத்தின் அந்த வெள்ளை அறையை நினைத்துப் பாருங்கள். சத்தம் வரக்கூடாது, தரையில் எடை படக்கூடாது, வெப்பம் ஏறக்கூடாது. டாம் க்ரூஸ் கயிற்றில் தொங்குகிறார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கிறார், அவர் பக்கத்தில் எலி. வெளியே ஒருவர் அந்த அறையில் வேலை பார்க்கும் ஊழியரை வாந்தியெடுக்க வைத்திருக்கிறார், இன்னொருவர் கம்ப்யூட்டரில் வழி சொல்கிறார். ஒரு துளி வியர்வை கண்ணாடியில் வழிந்து விழப்போகிறது, கையை நீட்டிப் பிடிக்கிறார். பின்னணி இசை கிடையாது. நாலு பேர், ஆளுக்கு ஒரு வேலை, ஒருவர் தவறினாலும் எல்லாம் போச்சு. இது அப்படியே பழைய தொடர். தொடரை உருவாக்கிய ப்ரூஸ் கெல்லருக்குத் தூண்டுதலாக இருந்தது 1964-ல் வந்த 'டாப்காப்பி' என்ற திருட்டுப் படம், அதில் கயிற்றில் தொங்கியபடி கத்தியைத் திருடும் காட்சி இருக்கிறது. படத்தின் இயக்குநர் ப்ரையன் டி பால்மா தொடரின் ஊற்றுக்கே போய்த் தண்ணீர் எடுத்து வந்திருக்கிறார். படத்தின் மற்ற பாதி ஒற்றை நாயகனின் ஓட்டம், அது தொடருக்குச் சம்பந்தமில்லாதது.

நகைச்சுவைத் தொடர் என்றால் பழசைப் பார்த்துச் சிரிப்பது ஒரு தனித் தவறு. 'கெட் ஸ்மார்ட்' இதில் தப்பித்தது. 1980-ல் ஒரிஜினல் நாயகன் டான் ஆடம்ஸையே வைத்துப் படம் எடுத்தார்கள், ஆனால் அவரோடு வேலை பார்க்கும் பெண் உளவாளி ஏஜென்ட் 99 இல்லை. படம் எடுபடவில்லை. 2008-ல் ஸ்டீவ் கரேல், ஆன் ஹாத்வே என்று ஆட்கள் முற்றிலும் புதிது, ஆனால் 99 இருந்தாள், தடுமாறும் ஆணும் தெளிவான பெண்ணும் என்ற கணக்கு இருந்தது, 8 கோடி டாலர் படம் 23 கோடி எடுத்தது. பழைய ஷூ போன், சிவப்பு கார், கோட்டு எல்லாம் அந்தப் படத்தில் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கும். ஸ்மார்ட் நெருக்கடியில் அவற்றை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பழைய ரசிகர் கை தட்டுவார், புதியவருக்கும் கதை புரியும்.

பார்க்கிற நம் பக்கமும் தவறு இருக்கிறது. ஏழு பாகமாக வந்த ஒன்றை இரண்டு மணி நேரப் படத்தோடு காட்சிக்குக் காட்சி ஒப்பிடுவது அதில் முதன்மையானது. 1979-ல் பிபிசி 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவலை ஏழு பாகமாக எடுத்தது, அலெக் கின்னஸ் அதன் நாயகனான உளவாளி ஸ்மைலியாக. 2011-ல் அதே நாவலை 127 நிமிடப் படமாக்கி கேரி ஓல்ட்மேனை நடிக்க வைத்தபோது, "கின்னஸ் இல்லையே" என்று பலர் வருந்தினார்கள். ஓல்ட்மேன் கின்னஸாக முயலவே இல்லை. நேரம் இல்லாததால் படம் பேச்சைக் குறைத்துப் பார்வையில் சொல்கிறது: ஓய்வுக்குப் பிறகு ஸ்மைலி புதுக் கண்ணாடி வாங்குகிறார், அதற்குப் பிறகு எந்தக் கண்ணாடி போட்டிருக்கிறார் என்பதை வைத்தே நடப்பது இப்போதா, பழைய நினைவா என்று நாம் கண்டுபிடித்துக்கொள்ளலாம். இரண்டையும் இரண்டு வேலையாகப் பாருங்கள், இரண்டும் பிடிக்கும்.

முதல் வாரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் வேண்டாம். 'அங்கிள்' படம் அமெரிக்காவில் முதல் வார இறுதியில் எடுத்தது சுமார் 1.3 கோடி டாலர்தான். அதற்கு இரண்டே வாரம் முன்பு 'மிஷன்: இம்பாசிபிள்' ஐந்தாம் பாகம் வந்து தியேட்டரைப் பிடித்திருந்தது. பிறகு வீட்டில் பார்த்தவர்கள்தான் அதற்கு ரசிகர்களானார்கள், இன்றும் அடுத்த பாகம் கேட்கிறார்கள்.

படம் மோசம் என்பதால் தொடரையும் ஒதுக்கிவிடுவது கடைசித் தவறு, இதை நானே செய்தேன். 1998 படத்தைப் பார்த்துவிட்டுப் பல வருடம் 'அவெஞ்சர்ஸ்' பக்கமே போகவில்லை. நீங்கள் அப்படி விடாதீர்கள், டயானா ரிக் விடைபெறும் 1968 எபிசோடையாவது பாருங்கள். காணாமல் போயிருந்த எம்மாவின் கணவர் திரும்பி வந்துவிட்டார், அவள் கிளம்ப வேண்டும். ஸ்டீடிடம் விடைபெற்றுவிட்டுப் படியிறங்கும்போது, அவள் இடத்துக்கு வரும் டாரா கிங் எதிரே ஏறி வருகிறாள். எம்மா அவளை ஒரு நிமிடம் நிறுத்தி ஒரே ஒரு விஷயம் சொல்கிறாள்: அவருக்கு டீ கலக்கினால் கரண்டியை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும், அப்படித்தான் பிடிக்கும்.