ஏற்காட்டுக் குளிர் வேண்டுமா? மாதத்தைவிட மணி முக்கியம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊட்டியை மனதில் வைத்துக்கொண்டு ஏற்காடு கிளம்பாதீர்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,400 முதல் 1,500 மீட்டர். மலையடிவாரத்தில் இருக்கும் சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு, அதனால் கீழே 38 டிகிரியில் நாம் வெந்துகொண்டிருக்கும்போது மேலே 30ஐ ஒட்டித்தான் இருக்கும். சேலத்துக்காரனுக்கு அதுவே சொர்க்கம். ஆனால் வெளியூரிலிருந்து ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக வந்து ஏப்ரல் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏரிக்கரையில் இறங்குகிறவர்கள் "இதுக்கா இவ்வளவு வளைவு ஏறி வந்தோம்" என்று முகம் சுளிப்பதைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும்.

ஏரி இருப்பதால்தான் ஊர் குளிர்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சின்ன ஏரி, ஊரையே குளிர வைக்கிற அளவு அதில் தண்ணீர் கிடையாது. குளிர்ச்சி உயரத்தாலும் மர நிழலாலும் வருவது. உச்சி வெயிலில் ஏரிக்கரை திறந்த வெளி, மேலே காற்று குளிர்ந்தாலும் வெயில் சுள்ளென்று தோலில் ஏறும், போதாததற்குப் படகுக்கு வரிசை வேறு. அந்த நேரத்தில் காபித் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலைகளுக்குப் போய்விடுங்கள். சில்வர் ஓக் நிழலும், அதில் படர்ந்த மிளகுக் கொடியும், கீழே காபிச் செடியும் இருக்கும் இடத்தில் நின்றால் நாலைந்து நிமிடத்தில் வேர்வை அடங்கிவிடும். தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டமும் மதியத்துக்குத் தோதான இடம்.

ஆனால் அதே ஏரிக்கரைக்கு விடியற்காலையில், அதுவும் டிசம்பர், ஜனவரியில் போய்ப் பாருங்கள், கதையே வேறு. வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் சுற்றியுள்ள மேடுகளில் குளிர்ந்த காற்று கனமாகி மெல்ல இறங்கி இந்தப் பள்ளத்தில் வந்து தங்கிவிடும். ஏரித் தண்ணீர் அந்தக் காற்றைவிடக் கொஞ்சம் சூடாக இருப்பதால் அதன்மேல் கொதிக்கிற சாம்பார் போல ஆவி எழும்பிக்கொண்டே இருக்கும். வெயில் ஏறி எட்டரை, ஒன்பது மணி ஆனால் எல்லாம் கலைந்துவிடும். காலை டிபனை முடித்துவிட்டு நிதானமாக சேலத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது, அதனால் ஒரு ராத்திரியாவது மேலே தங்குங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. காலையில் போய் மாலையில் திரும்பினால் ஊரைப் பார்க்கலாம், குளிரைப் பார்க்க முடியாது.

அறை எடுக்கும்போது ஏசி இருக்கிறதா என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். வெந்நீர் எத்தனை மணிவரை வரும், கூடுதல் கம்பளி கிடைக்குமா, ஜன்னலுக்கு வெயில் வருமா, இந்த மூன்றையும் கேளுங்கள். மழை மாதங்களில் மரத்தடியில் ஒதுங்கிய அறைகளில் ஈர வாடை அடிக்கும், படுக்கை விரிப்பே சில்லென்று நமத்துப்போய் இருக்கும், துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை, ஆனால் கைக்குழந்தையோ மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களோ கூட வந்தால் யோசிக்க வேண்டிய விஷயம்.

சரி, எந்த மாதம்? நான் ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை என்று சொல்வேன், வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. சாரல், மஞ்சு, கூட்டம் குறைவு. லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் சேலமும் தெரியாது ஒன்றும் தெரியாது, வெறும் வெள்ளை, உடனே திரும்பிவிடாமல் ஒரு டீ குடிக்கிற நேரம் நில்லுங்கள், மேகம் சட்டென்று விலகி மலைப்பாதை வளைவுகள் ஒவ்வொன்றாகக் கீழே தெரிய ஆரம்பிக்கும். கிளியூர் அருவிக்கும் மழைக்காலமும் அதை ஒட்டிய நாட்களும்தான் சரி, ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் அங்கேதான் போய் விழுகிறது, கோடையில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். அக்டோபர், நவம்பரில் மழை வலுத்தால் பாதையில் மண் சரிவதுண்டு, கிளம்பும் முன் செய்தி பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையான குளிர் வேண்டும் என்பவர்களுக்கு டிசம்பர் பாதி முதல் பிப்ரவரி பாதிவரை. மார்ச், ஏப்ரலில் ஒரு கோடை மழை பெய்தால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காபி பூக்கும். கிளையெல்லாம் வெள்ளையாகி மல்லிகை மாதிரி வாசம் வரும், சில நாள்தான் இருக்கும். மழை பெய்த செய்தி வந்ததும் நாளை எண்ண ஆரம்பித்துவிடுங்கள்.

துணி விஷயத்தில் ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட மெல்லியதாக இரண்டு, மேலே காற்றுத் தடுக்கும் ஜெர்கின் ஒன்று நல்லது. சேர்வராயன் கோயில் மலை இந்த மலைத்தொடரிலேயே உயரமான இடம், சுமார் 1,600 மீட்டர், மேலே வெட்டவெளி. வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் காதைக் குடையும். டூவீலரில் வருகிறவர்கள் கையுறை இல்லாமல் வராதீர்கள், விடியற்காலையில் விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிப்பது சிரமம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள், இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். மஞ்சில் ஹை பீம் போட்டால் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம் போதும்.

பள்ளி விடுமுறை, மே மாதத்தை விட்டால் வேறு வழியில்லை என்கிறீர்களா? அப்படியென்றால் கோடை விழா நடக்கும் சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாளாகப் பாருங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் இருக்கும் கோரிமேட்டைக் காலை ஆறு மணிக்குள் தாண்டிவிட்டால் வளைவுகளில் மாட்டிக்கொள்ளாமல் ஏறிவிடலாம். மதியத்துக்கு மேல் இடி மழை வரக்கூடும், அதனால் சுற்றுவதையெல்லாம் முற்பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள், மழை விட்ட பிறகு சாயங்காலம் இதமாகக் குளிரும். அந்த ஒரு மாதத்தில் ஸ்வெட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வரலாம்.