ஹைஃபனா, டேஷா?

ஆங்கிலப் பிரதிகளில் பிழை திருத்துபவன் என்பதால் கோடுகளில்தான் என் கண் முதலில் நிற்கும். ஹைஃபன் (-) சொல்லோடு சொல்லை ஒட்டும்: வெல்-நோன். சரி, அது எளிது. 1939–1945 போன்ற கால அளவுக்கு 'என்' டேஷ் (–). முன்னால் 'ஃப்ரம்' வந்தால் கோடு கூடாது, 'டு' என்றே எழுதுங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

நீளமானது 'எம்' டேஷ் (—). நடுவே ஒன்றைச் செருக: 'மை பிரதர்—தி எல்டர் ஒன்—இஸ் ஹியர்.' ஒரு பக்கம் டேஷ், மறு பக்கம் கமா என்று விடாதீர்கள். பிரிட்டிஷ் பதிப்பகங்கள் பலவும் இங்கே இடைவெளியோடு 'என்' டேஷையே போடும். எதுவானாலும் கலக்காதீர்கள். ஒரே வாக்கியத்தில் மூன்றாவது டேஷ் வந்தால் யோசிக்காமல் வெட்டிவிடுவேன். அப்புறம், விண்டோஸில் ஆல்ட்டை அழுத்தியபடி நம்பர் பேடில் 0151 தட்டினால் 'எம்', 0150 தட்டினால் 'என்'.