கோயில் விழா மலர்களை அடுக்கிப் படிப்பது எப்படி: நம் சபையின் கொள்கை எங்கே மாறியது என்று கண்டுபிடிக்கும் வழி

பொன்விழாவோ நூற்றாண்டு விழாவோ வந்தால் கமிட்டி யாராவது ஒருவரைப் பிடித்து, "கோயில் வரலாறு நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லிவிடும். அவரும் போன விழாவுக்கு அச்சிட்ட சிறப்பு மலரைப் பார்த்து எழுதி, கடைசியில் புதுக் கோபுரத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்துவிடுவார். கட்டடத்தின் வரலாறு இதில் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். கொள்கையின் வரலாறு தப்பிக்காது. அம்மனுக்கு என்ன படைத்தோம், யாரைக் குருவாகக் கொண்டோம், எந்தப் பண்டிகையை விட்டோம், ஏன் விட்டோம் என்பதெல்லாம் ஒவ்வொரு மலரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, இன்றைக்கு நாம் செய்வதையே முன்னோரும் செய்தார்கள் என்று ஆகிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் கோயில், சங்கம், திருச்சபை எதுவானாலும் இதே கதைதான். அந்தத் தேய்மானத்தை ஆண்டுவாரியாகக் கண்டுபிடிக்கும் முறையை இங்கே தருகிறோம்.

ஒரே ஒரு கேள்வி

முதலில் கேள்வியைக் குறுக்கிக்கொள்ளுங்கள். "எங்கள் கோயிலின் சமயக் கொள்கை" என்று தொடங்கினால் முடிக்க மாட்டீர்கள். "உயிர்ப்பலி பற்றி இந்தக் கோயில் எந்த ஆண்டில் என்ன சொன்னது?" என்பது நல்ல கேள்வி. "பூக்குழி திரௌபதைக்கா, மாரியம்மனுக்கா?" "மொகரம் பண்டிகையில் நம் ஆட்கள் கலந்துகொண்டதை யார், எப்போது நிறுத்தச் சொன்னார்கள்?" இவையும் நல்ல கேள்விகளே. மூன்றாவது கேள்வியை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் யாரும் கேட்பதில்லை என்பதாலேயே எடுத்துப் பார்க்கத் தகுந்தது. ஒப்பந்தக் கூலிகளுக்கு மொகரத்துக்கு விடுமுறை கிடைத்தது. டர்பனில் தாஜியா (ஹுசைனின் கல்லறை மாதிரி) ஊர்வலத்தில் இந்துக்கள் பெருந்திரளாக நடந்தார்கள். 1908இல் இந்தியாவில் இருந்து வந்த ஆரிய சமாஜத் துறவி சுவாமி சங்கரானந்தர், அதை விட்டுவிட்டுத் தீபாவளியைக் கொண்டாடுங்கள் என்று பிரசாரம் செய்தார். உங்கள் கோயில் மலரில் இந்த மூன்று செய்தியில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

எதையெல்லாம் சேர்க்க வேண்டும்

மலர்கள் மட்டும் போதாது. மலர் ஊருக்குக் காட்ட எழுதியது. சண்டை நடந்த இடம் மினிட்ஸ் புத்தகம், அதாவது கமிட்டிக் கூட்டக் குறிப்பு. அதோடு கோயிலின் கான்ஸ்டிட்டியூஷன், அதாவது அமைப்பு விதிகளின் எல்லாப் பதிப்புகளும் வேண்டும். இன்று செல்லுபடியாகும் ஒன்றை மட்டும் தருவார்கள், திருத்தப்படுவதற்கு முந்தையவற்றைக் கேட்டு வாங்குங்கள். "நோக்கங்கள்" என்ற பிரிவில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் அது ஒரு சாட்சி. திருவிழா நோட்டீஸ்கள், கணக்கு நோட்டு, அடிக்கல் எழுத்து, பழைய படங்கள் எல்லாம் சேருங்கள். கணக்கு நோட்டை யாரும் மதிப்பதில்லை. ஆனால் "கிடா ஒன்று" என்று செலவுக் கணக்கில் இருந்தால், எந்த மலரும் அதை மறுக்க முடியாது.

வெளியே தேட: 1903இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை முதலில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழியில் வந்தது. பி. எஸ். அய்யர் 1908இல் டர்பனில் தொடங்கிய 'ஆப்ரிக்கன் கிரானிக்கிள்' தமிழும் ஆங்கிலமும் கலந்த வாரப் பத்திரிகை. கோயில் தகராறுகளைத் தேட நல்ல இடம். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் அரசு ஆவணக் காப்பகம், டர்பனில் உள்ள 1860 பாரம்பரிய மையம் மூன்றுக்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். பெயரைத் தேடும்போது எழுத்துக்கூட்டலில் ஏமாறாதீர்கள். கவுண்டர் கோவெண்டராகவும், முதலியார் மூட்லியாகவும், சுப்பிரமணியர் சூப்ரமோனியராகவும் பதிவாகியிருப்பார்கள். ஒரு பெயருக்கு நாலைந்து வடிவமாவது எழுதி வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

சில இடங்களில் தாளே இருக்காது. உம்பிலோ ஆற்றங்கரைக் கோயில் 1905 வெள்ளத்தில் போனது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் பீனிக்ஸுக்கும் பெயர்த்தபோது பெட்டிபெட்டியாகக் காகிதம் தொலைந்தது. எந்த ஆண்டுகளுக்குத் தாள் இல்லை என்பதையும் எழுதி வையுங்கள். பின்னால் வந்தவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வது அந்த இடைவெளியைத்தான்.

கையில் கிடைத்த மலரின் துருப்பிடித்த ஸ்டேப்பிளை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிடுங்கள்; டர்பன் ஈரக்காற்றில் அது தாளைத் தின்றுவிடும். லாமினேஷன் கூடவே கூடாது. எழுத்துப் பக்கத்தை 300 டிபிஐ, படத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். அட்டை, விளம்பரப் பக்கம், அச்சகத்தின் பெயர் உள்ள கடைசிப் பக்கம் எதையும் விடாதீர்கள். அச்சான ஆண்டு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அச்சான ஆண்டுப்படி அடுக்குங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. 1985 மலரில் "1890இல் நம் முன்னோர்..." என்று ஒரு வரி வந்தால் அதை 1890இல் வைக்காதீர்கள். 1985இல் வையுங்கள். அந்த வரி 1985இல் இருந்தவர்கள் 1890ஐப் பற்றி என்ன நம்ப விரும்பினார்கள் என்று சொல்கிறது.

ஒரு நோட்டில் ஆறு கட்டம் போடுங்கள்: அச்சான ஆண்டு, பேசுகிறவர் யார், சொன்னது (சொல்லுக்குச் சொல்), சொன்ன காரணம், எந்தக் காலத்தைப் பற்றிச் சொல்கிறார், முந்தைய மலரில் இருந்து இதில் காணாமல் போனது. ஒரு கூற்றுக்கு ஒரு வரிசை. நாலாவது கட்டத்தையும் ஆறாவது கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. காரணம் சொல்லவில்லை என்றால் "காரணம் இல்லை" என்று எழுதுங்கள்.

பலி பற்றிய வரிசை எப்படி அமையும் என்று பார்க்க ஒரு கற்பனை மாதிரி. முதல் மலரில்: "ஆடி மாதம் கூழ் ஊற்றி, கிடா வெட்டிப் பூசை நடக்கும்." அடுத்ததில்: "சுகாதார விதிகளை முன்னிட்டுக் கோயில் வளாகத்துக்குள் பலியிடுவதில்லை." அதற்கடுத்ததில்: "அறியாமையால் சிலர் செய்துவந்த பலி நிறுத்தப்பட்டது." கடைசியில்: "இது ஆதி முதல் சாத்விக முறையில் வழிபாடு நடக்கும் தலம்." நாலு வரியையும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். செய்தவர் "நாம்" என்பதில் இருந்து "சிலர்" ஆகி, பிறகு ஆளே இல்லாமல் போய்விட்டார். காரணம் நகராட்சியில் தொடங்கிச் சமயத்தில் போய் முடிந்தது. யாரும் ஒரு பொய்யும் உட்கார்ந்து எழுதவில்லை. அவரவர் போன மலரை ஒரு படி மென்மையாக்கினார்கள், அவ்வளவுதான்.

படங்களையும் இப்படியே வரிசையாக வையுங்கள். காத்தவராயனோ மதுரைவீரனோ முனீஸ்வரனோ நின்ற இடத்தில் பிந்தைய படத்தில் நவக்கிரகம் இருந்தால் அதையும் நோட்டில் ஏற்றுங்கள்.

காரணம் மாறுவதைப் பார்க்க ஒரு நல்ல பாடம்

விதி அப்படியே இருந்து காரணம் மட்டும் மாறுவதும் உண்டு. இது கண்ணில் படுவது கடினம். இந்த நாட்டிலேயே, ஆவணம் முழுவதும் அச்சில் இருக்கும் ஓர் எடுத்துக்காட்டு, வெள்ளை ஆப்பிரிக்கானர்களின் டச்சு சீர்திருத்தத் திருச்சபை.

அதன் 1857 சினோட் (திருச்சபையின் உயர் மன்றம்) தீர்மானம் சொன்னது இது: புறவினத்தாரிலிருந்து வந்த உறுப்பினர்களை இருக்கிற சபைகளிலேயே சேர்த்துக்கொள்வதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கு உகந்தது, ஆனால் "சிலருடைய பலவீனத்தால்" அது தடைப்படும் இடத்தில் அவர்கள் தனிக் கட்டடத்தில் வழிபடலாம். விதி பிரிவினை. காரணம் மனிதப் பலவீனம். 1881இல் கலப்பினத்தாருக்குத் தனிச் சபை வந்தது; 1968இல் இந்தியருக்கும் ஒன்று வந்தது. 1974இல் அதே திருச்சபை வெளியிட்ட அறிக்கை, பாபேல் கோபுரம் வரும் ஆதியாகமம் 11ஐயும் அப்போஸ்தலர் 17:26ஐயும் துணைக்கு அழைத்து, இனங்கள் தனித்தனியே வளர்வதற்கு வேதத்தில் ஆதாரம் காட்டியது. விட்டுக்கொடுத்தலாகத் தொடங்கியது இறைவனின் ஒழுங்காக எழுதப்பட்டுவிட்டது.

இடையில் 1960 டிசம்பரில், போராடிய கறுப்பினத்தவரைப் போலீஸ் சுட்டுக்கொன்ற ஷார்ப்வில் படுகொலை நடந்த அதே ஆண்டில், திருச்சபைகள் கூடிய காட்டஸ்லோ மாநாட்டில் இந்தத் திருச்சபையின் பிரதிநிதிகள் பிரிவினையைக் கேள்வி கேட்ட அறிக்கையை ஏற்றுத்தான் வந்தார்கள். ஊர் திரும்பியதும் அவர்களுடைய சினோட்டே அதைத் தள்ளிவிட்டது. நோட்டில் இப்படித் தோற்றுப்போன தீர்மானங்களுக்குக் கட்டாயம் இடம் கொடுங்கள். வென்ற தீர்மானத்தை மட்டும் எழுதினால் எல்லோரும் ஒரே மனதாக இருந்தது போலத் தெரியும்.

1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டணி, நிறவெறிக்குச் சமய ஆதாரம் கற்பிப்பது மார்க்கப் பிறழ்வு என்று சொல்லி இந்தச் சபையின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. 1986இல் திருச்சபை, பிரிவினைக்கு வேத ஆதாரம் காட்டுவதைக் கைவிட்டுப் புதிய அறிக்கை வெளியிட்டது. 1990இல் அதையே திருத்தி இன்னும் தெளிவாகச் சொன்னது. 1997இல் தன் பயணத்தைத் தானே வரலாறாக எழுதியபோது தலைப்பில் 1960–1994 என்று எல்லை போட்டது. எந்தச் சபையின் வரலாற்றிலும் தொடக்க ஆண்டு ஒரு தேர்வுதான். "ஏன் இங்கிருந்து தொடங்கினீர்கள்?" என்று கேளுங்கள். 1857இல் தொடங்கினால் வேறொரு கதை வரும்.

எங்கே தவறு நடக்கும்

தமிழ் ஆண்டுப் பெயரில் நிறையப் பேர் விழுகிறார்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். கல்லில் "ரௌத்திரி வருஷம்" என்று இருந்தால் அது 1860-61ஆகவும் இருக்கலாம், 1920-21ஆகவும் இருக்கலாம். பழமைக்கு ஆசைப்பட்டு 1860 என்று எழுதத் தோன்றும். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பல் ட்ரூரோ டர்பனில் நங்கூரம் போட்டதே 1860 நவம்பர் 16. வந்து இறங்கியவர்கள் அதே தமிழ் ஆண்டுக்குள் கல்லில் எழுத்து வெட்டிக் கோயில் கட்டினார்கள் என்று சொல்ல வலுவான வேறு ஆதாரம் வேண்டும். நிலப் பத்திரம் பாருங்கள். கல்லில் தமிழ் எண்கள் இருந்தால் ௧ஐயும் ௬ஐயும் ௭ஐயும் தேய்மானத்தில் மாற்றிப் படிக்காமல், சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து இரண்டு பேர் தனித்தனியே படியுங்கள்.

ஐந்து மலர்கள் ஒரே செய்தியைச் சொல்கின்றன என்பது ஐந்து சாட்சி ஆகாது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தால் ஒரே சாட்சிதான். ஒரே எழுத்துப் பிழை எல்லாவற்றிலும் இருந்தால் பிரதி எடுத்தது உறுதி.

மினிட்ஸ் தமிழில் இருந்து ஆங்கிலத்துக்கு மாறிய ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கொள்கை மாறாமலே எழுதும் விதம் அந்த இடத்தில் மாறியிருக்கும். மாறியது மொழியா கருத்தா என்று தெரியாவிட்டால் அந்த வரிசையில் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

பெரியவர்களிடம் பேசும்போது கொள்கையைக் கேட்காதீர்கள். "பலி உண்டா தாத்தா?" என்றால் மலரில் படித்ததையே திருப்பிச் சொல்வார்கள். "சேவல் எங்கே வாங்குவீங்க? யார் அறுப்பாங்க? சமைச்சது கோயிலுக்குள்ளயா வெளியிலயா? பூசாரிக்கு எது போகும்?" என்று கேளுங்கள். மலர் சொல்லிக்கொடுக்காத பதில் வரும். பேட்டி எடுத்த தேதியை எழுதுங்கள். அதுவும் அச்சான ஆண்டு போலத்தான்.

மௌனத்தை அவசரப்பட்டு மறைப்பு என்று முடிவு கட்டாதீர்கள். எல்லோரும் செய்வதை யாரும் எழுதி வைப்பதில்லை. முன்பு எழுதியது பின்பு காணாமல் போனால் மட்டுமே சந்தேகப்படுங்கள்.

மலரில் எழுதுவது

கண்டுபிடித்ததை வாக்கியமாக்கும்போது நாலும் இருக்கட்டும்: செய்தவர் நாம், செய்தது இது, நிறுத்தியது இந்த ஆண்டுக் கூட்டத்தில், அப்போது சொன்ன காரணம் இது. பிந்தைய மலர்கள் வேறு காரணம் சொன்னால் அதையும் ஆண்டோடு சேருங்கள். "அறியாமை", "மூடநம்பிக்கை" போன்ற தீர்ப்புச் சொற்கள் பழைய ஆவணத்தில் இருந்தால் மேற்கோள் குறிக்குள் வைத்து, சொன்னவரின் பொறுப்பில் விடுங்கள். கரும்புத் தோட்டத்தில் விடியலில் இருந்து இருட்டும் வரை வேலை பார்த்துவிட்டு, கையில் இருந்ததைக் கொண்டு அம்மனைக் கும்பிட்டவர்களை நாம் அப்படி அழைக்க வேண்டிய அவசியம் இல்லை.

கமிட்டி தயங்கும். "இதெல்லாம் எதற்கு, வெளியார் என்ன நினைப்பார்கள்" என்று கேட்கும். வாதாட வேண்டாம், நோட்டையும் ஸ்கேன்களையும் மேசையில் வைத்து, மினிட்ஸ் பக்கத்தை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். முழுவதும் அச்சேற ஒப்பாவிட்டால், ஒப்பிய அளவு மலரில் போகட்டும். ஆனால் ஆறு கட்ட நோட்டின் பிரதியும் ஸ்கேன்களும் மூன்று இடத்தில் இருக்க வேண்டும்: கோயில் அலமாரியில் ஒன்று, கமிட்டிக்கு வெளியே ஒரு வீட்டில் ஒன்று, ஆவணக் காப்பகம் ஒன்றில் ஒன்று. காப்பகத்துக்குக் கொடுக்கும்போது யார், எந்தத் தேதியில் தொகுத்தது என்று முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அடுத்த மலர் எழுதுகிறவர் உங்கள் வரிகளையும் அவற்றின் ஆண்டில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.